எண்பத்தொன்பது பேரின் சம்மதம்

2013 மார்ச் 13ஆம் தேதி மாலை. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் மாடத்திலிருந்து புதிய போப்பின் பெயரை அறிவித்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. இத்தாலி ஆயர் பேரவையின் அலுவலகத்திலிருந்து பத்திரிகைகளுக்கு மின்னஞ்சலில் ஒரு வாழ்த்துச் செய்தி போனது. கர்தினால் ஆஞ்செலோ ஸ்கோலா போப்பாகத் தேர்வானதில் இத்தாலியத் திருச்சபை மகிழ்கிறது என்பது அதன் சாரம். ஸ்கோலா அப்போது மிலான் நகரப் பேராயர். அடுத்த போப் அவர்தான் என்று பல வாரங்களாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. ஆனால் மாடத்தில் அறிவிக்கப்பட்ட பெயர் அர்ஜென்டினாவின் ஹோர்கே மாரியோ பெர்கோலியோ, அதாவது போப் பிரான்சிஸ். திருத்திய செய்தி பின்னாலேயே வந்தது. முதல் வாழ்த்தைத் தயாராக வைத்திருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ஆயர்களோடும் கர்தினால்களோடும் அன்றாடம் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கே கணிப்பு தவறியது என்றால், தகவல் போதவில்லை என்று சொல்லிவிட முடியாது. எதைப் பார்த்துக் கணித்தார்கள் என்பதில்தான் கோளாறு இருந்திருக்க வேண்டும்.

ஒரு போப் மறைந்ததும், பல சமயம் அதற்கு முன்பே கூட, அடுத்தது யார் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. உலகெங்கும் சுமார் 140 கோடிக் கத்தோலிக்கர்களுக்கு அவர் திருத்தந்தை. போரையும் அகதிகளையும் வறுமையையும் பற்றி அவர் சொல்வதை மற்ற சமயத்தவர்களும் கவனிக்கிறார்கள். அதனால் கேள்வி நியாயமானதே. பதில் தேடுகிற விதம்தான் சரியில்லை. பத்துப் பன்னிரண்டு படங்களை வரிசையாகப் போட்டு, இவர் சீர்திருத்தவாதி, இவர் மரபுவாதி, இவர் ஆப்பிரிக்கர் என்று ஆளுக்கொரு முத்திரை குத்தி, யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று ஊடகங்கள் எழுதுகின்றன. பந்தய நிறுவனங்கள் பணம் கட்டச் சொல்கின்றன. இப்படிப் பேசப்படுகிறவரைக் குறிக்க இத்தாலியர்களிடம் ‘பாப்பாபிலே’ என்ற சொல் இருக்கிறது. போப் ஆகத்தக்கவர் என்று பொருள். கூடவே ஒரு பழமொழியும் உண்டு: போப்பாகக் கான்கிளேவுக்குள் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களின் கூட்டம்) போகிறவர் கர்தினாலாகத் திரும்பி வருவார். இது அடிக்கடி பலிக்கக் காரணம் தேர்தல் விதியிலேயே இருக்கிறது. அந்த விதி மிகவும் பேர் பெற்றவரையோ, ஓர் அணியின் திறமையான தலைவரையோ தேடவில்லை. தன் கருத்தோடு ஒத்துப்போகாதவர்களும் ‘இவரென்றால் சரி’ என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுகிறது. எந்தக் கர்தினால் போப் ஆகக்கூடும் என்று யோசிக்கிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விதி சுருக்கமானது: வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். இது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். போப்பைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மை உரிமையைக் கர்தினால்களுக்குக் கொடுத்தவர் இரண்டாம் நிக்கோலஸ், ஆண்டு 1059. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1159இல், கர்தினால்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரும்பான்மையினர் மூன்றாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுக்க, சிறுபான்மையினர் நான்காம் விக்டரை முன்னிறுத்தினார்கள். பேரரசர் பிரெடரிக் பார்பரோசா விக்டரின் பக்கம் நின்றார். அந்தப் பிளவு ஆறப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரும்பான்மை மட்டும் இருந்தால் போதாது, தோற்றவர்கள் எழுந்து தனியாகப் போய்விட முடியாத அளவுக்கு ஆதரவு பரந்திருக்க வேண்டும் என்பதைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர் அலெக்சாண்டர். 1179இல் அவர் கூட்டிய மூன்றாம் இலாத்தரன் சங்கம்தான் மூன்றில் இரண்டு பங்கு விதியைக் கொண்டுவந்தது. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியின் விதெர்போ நகரத்தில் கர்தினால்கள் 1268 முதல் 1271 வரை முடிவுக்கு வராமல் இழுத்தடித்தார்கள். ஊர்மக்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, உணவைக் குறைத்து, கூரையையே பிரித்துவிட்டார்கள். அப்படித் தேர்வான பத்தாம் கிரகோரி 1274இல் அடைத்து வைக்கும் முறையைச் சட்டமாக்கினார். கான்கிளேவ் என்ற சொல்லே ‘சாவியோடு’ என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்ததுதான். விதி பரந்த சம்மதத்தைக் கேட்டது. அந்தச் சம்மதம் உருவாகும்வரை வெளியே விடாமல் பூட்டு பிடித்து வைத்தது.

இந்த விதி எவ்வளவு அடிப்படையானது என்பது அதைத் தளர்த்திப் பார்த்தபோது தெரிந்தது. இரண்டாம் ஜான் பால் 1996இல் வெளியிட்ட சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் நடந்தும் முடிவு வராவிட்டால் பாதிக்கு மேல் வாக்கு பெற்றவரையே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டது. நியாயமான ஏற்பாடு போலத்தான் தோன்றும். ஆனால் பாதிக்கு மேல் ஆதரவுள்ள அணி யாரோடும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். பொறுமையாக நாட்களைக் கடத்தினால் போதும், வெற்றி தானாக வரும். 2007இல் பதினாறாம் பெனடிக்ட் இந்த வழியை அடைத்தார். எத்தனை சுற்று நீண்டாலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற பழைய விதி திரும்பி வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட சுற்றுகளுக்குப் பிறகு களத்தில் இரண்டே பேர் மிஞ்சினாலும் இதே கணக்குதான்.

கான்கிளேவ் கூடும் சிஸ்டைன் சிற்றாலயத்தின் உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கர்தினாலிடமும் ஒரு செவ்வகச் சீட்டு இருக்கும். மேல்பாதியில் ‘தலைமைக் குருவாக நான் தேர்ந்தெடுக்கிறேன்’ என்று லத்தீனில் அச்சிட்டிருக்கும், கீழ்ப்பாதி காலி. யார் எழுதியது என்று தெரியாதபடி கையெழுத்தை மாற்றிப் பெயரை எழுத வேண்டும். சீட்டை மடித்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு நடக்க வேண்டும். எதிரே சுவர் முழுக்க மைக்கலாஞ்சலோ வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். நாளை தன்னை நியாயம் தீர்க்கப்போகும் கிறிஸ்துவைச் சாட்சியாக வைத்து, தகுந்தவர் என்று தான் கருதுகிறவருக்கே வாக்களிப்பதாக ஆணையிட்டு, சீட்டை ஒரு தட்டில் வைத்து அப்படியே கலத்துக்குள் சரித்துவிடுவார். சீட்டு எண்ணும் மூவரும் குலுக்கல் முறையில் தேர்வாகிறார்கள். 2025இல் அந்தக் குலுக்கலை நடத்தும் பொறுப்பு, கர்தினால்-தியாக்கோன்களில் கடைசியாக வந்தவர் என்ற முறையில், கேரளத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஜேக்கப் கூவக்காட்டுக்குக் கிடைத்தது. எண்ணுபவர்களில் இருவர் சீட்டைப் பிரித்து மனத்துக்குள் படிப்பார்கள். மூன்றாமவர் பெயரை உரக்க வாசித்துவிட்டு, ‘தேர்ந்தெடுக்கிறேன்’ என்ற சொல்லின் மேல் ஊசியைக் குத்திச் சீட்டை நூலில் கோப்பார். பிறகு எல்லாச் சீட்டும் அடுப்புக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் வேட்புமனு கிடையாது, பிரச்சார மேடை கிடையாது. ஒருவர் தன்னை முன்னிறுத்துவதற்கு இடமே இல்லை. பெயர் எழ வேண்டுமென்றால் மற்றவர்களின் கையெழுத்தில்தான் எழ வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2025 மே 7ஆம் தேதி, பிரான்சிஸுக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க உள்ளே போனவர்கள் 133 பேர். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 89. இந்த எண்ணைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: 45 பேர் ஒருவரை ஏற்க முடியாது என்று உறுதியாக நின்றால், அவர் எவ்வளவு பெரியவரானாலும் போப் ஆக முடியாது. ஊடகங்கள் ஒருவருக்கு எத்தனை பேர் ஆதரவு என்று எண்ணுகின்றன. கான்கிளேவில் அதைவிட முக்கியமானது, எத்தனை பேர் அவரைக் கடைசிவரை மறுப்பார்கள் என்பது. ஓர் அணியின் அடையாளமாகிவிட்டவருக்கு முதல் சுற்றில் நிறைய வாக்கு விழலாம். ஆனால் எந்தக் காரணத்துக்காக ஓர் அணி அவரை நேசிக்கிறதோ, அதே காரணத்துக்காக இன்னோர் அணி அவரை மறுக்கும். அவருடைய எண்ணிக்கை ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். முதல் சுற்றில் சில வாக்குகளே பெற்ற ஒருவர், யாருக்கும் பகையாக இல்லாததால் சுற்றுக்குச் சுற்று வளரலாம்.

2025இல் பேசப்பட்ட பெயர்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எல்லோரையும்விட முன்னால் இருந்தவர் பியெத்ரோ பரோலின். 2013 முதல் வத்திக்கானின் செயலர், தேர்ந்த ராஜதந்திரி. ஆனால் ஆயர் நியமனம் பற்றி 2018இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்துக்காகக் கடுமையான விமர்சனத்தைச் சந்தித்தவர். ஒரு மறைமாவட்டத்தை நடத்திய அனுபவமும் அவருக்கு இல்லை. பிலிப்பைன்ஸின் லூயிஸ் அந்தோனியோ தாக்லே மக்களின் மனத்தைத் தொடும் பேச்சாளர், ஆசியாவின் நம்பிக்கை என்று சொல்லப்பட்டவர். 2022இல் கரித்தாஸ் தொண்டு அமைப்பின் தலைமையைப் பிரான்சிஸ் முழுதாக மாற்றியபோது அதன் தலைவர் பொறுப்பிலிருந்து அவரும் விலக நேர்ந்தது. நிர்வாகம் பற்றிய கேள்வி அவரைத் தொடர்ந்தது. பொலோஞ்ஞா பேராயர் மத்தேயோ சுப்பி 1992இல் மொசாம்பிக் அமைதி உடன்பாட்டுக்கு உழைத்தவர். பிரான்சிஸின் வழிக்கு மிக நெருங்கியவர் என்பதே மரபுவாதிகளுக்குத் தயக்கம். காங்கோவின் ஃப்ரிடோலின் அம்போங்கோ, ஒருபால் இணையருக்கு ஆசி வழங்கலாம் என்ற 2023ஆம் ஆண்டு ஆவணத்தை ஆப்பிரிக்க ஆயர்களின் சார்பில் ஏற்க மறுத்தவர். ஒரு பக்கத்தில் அது துணிவு, இன்னொரு பக்கத்தில் தடை. ஹங்கேரியின் பீட்டர் எர்டோ, கினியாவின் ராபர்ட் சாரா ஆகியோரை மரபு அணியின் பெயர்களாகவே எல்லோரும் பார்த்தார்கள். எருசலேமின் பியர்பத்திஸ்தா பிட்சபல்லா, 2023இல் காசாவில் பிடித்து வைக்கப்பட்ட பிணையாளிகளுக்குப் பதிலாகத் தன்னையே தரத் தயார் என்று சொன்னவர். அவருக்கு அப்போதுதான் அறுபது வயது. முப்பது ஆண்டு நீளக்கூடிய ஒரு பணிக்காலத்தைப் பலர் விரும்ப மாட்டார்கள். இவர்களில் தகுதியில்லாதவர் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் எதிரே 45 பேர் சேர ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மே 8ஆம் தேதி, நான்காவது சுற்றிலேயே ராபர்ட் பிரான்சிஸ் பிரெவோஸ்ட் தேர்வானார். பதினான்காம் லியோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் முன்பு சிங்கராயர் என்று சொன்ன பெயர் அது. சில பட்டியல்களின் ஓரத்தில் அவர் இருந்தார். பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. அமெரிக்கர் ஒருவரைப் போப் ஆக்க மாட்டார்கள் என்பது எழுதப்படாத விதி என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய வல்லரசும் திருச்சபையின் தலைமையும் ஒரே நாட்டில் சேரக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் கர்தினால்கள் பார்த்தது கடவுச்சீட்டை அல்ல. சிகாகோவில் பிறந்த அவர் 1985இல் பெருவுக்கு மறைப்பணிக்குப் போனவர். 2015 முதல் 2023 வரை அங்கே சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயர். பெருவின் குடியுரிமையும் பெற்றவர். 2001 முதல் 2013 வரை அகஸ்தீனார் சபையின் உலகத் தலைவராக நாடு நாடாகப் போய் வந்தவர், கேரளத்துக்கும் வந்திருக்கிறார். 2023 முதல் ஆயர் நியமனங்களைப் பரிந்துரைக்கும் வத்திக்கான் துறையின் தலைவராக இருந்ததால், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ரோமுக்கு வரும் ஆயர்கள் அவரைச் சந்தித்திருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்கர்களுக்கு அவர் தங்களில் ஒருவர். வத்திக்கான்காரர்களுக்கு நிர்வாகம் தெரிந்தவர். துறவற சபையினருக்குச் சக துறவி. பிரான்சிஸ் உயர்த்தியவர் என்பதால் அவருடைய அன்பர்களுக்கு நிம்மதி. திருச்சபைச் சட்டம் படித்து, அளந்து பேசுகிறவர் என்பதால் மரபை மதிப்பவர்களுக்கு அச்சமில்லை. மாடத்தில் நின்று பேசிய முதல் உரையிலேயே இத்தாலிய மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு மாறி, சிக்லாயோ மக்களுக்கு வணக்கம் சொன்னார். உள்ளே அவருக்குப் பின்னால் 89 பேர் எப்படிச் சேர்ந்திருப்பார்கள் என்பதை அந்தச் சில நிமிடங்களே காட்டிவிட்டன.

இது ஒரு முறை மட்டும் நடந்ததல்ல. 1903இல் வலுவான பெயர் மரியானோ ராம்பொல்லா, பதின்மூன்றாம் லியோவின் செயலராக இருந்தவர். முதல் சுற்றில் அவருக்கு 24 வாக்கு. வெனிஸ் நகரின் ஜுசெப்பே சார்த்தோவுக்கு வெறும் 5. ஆஸ்திரியப் பேரரசர் ராம்பொல்லாவுக்கு எதிராகத் தடை உரிமையைப் பயன்படுத்தியது பெரிய செய்தி. கிராக்கோ கர்தினால் ஒருவர் அந்தத் தடையைக் கான்கிளேவுக்குள்ளேயே வாசித்தார். ஆனால் அதற்கு முன்பும் ராம்பொல்லாவின் எண்ணிக்கை முப்பதுக்குக் கீழேதான் இருந்தது; 62 பேரில் அவருக்கு 42 வேண்டும். ஏழாவது சுற்றில் 50 வாக்கோடு சார்த்தோ பத்தாம் பத்திநாதர் ஆனார். மறு ஆண்டே அந்தத் தடை உரிமையை ஒழித்தார். 1978 அக்டோபரிலும் இதே கதை. ஜெனோவாவின் ஜுசெப்பே சிரி மரபு அணியின் பெயர். பிளாரன்ஸின் ஜொவான்னி பெனெல்லி மாற்று அணியின் பெயர். இரண்டு இத்தாலியர்களும் ஒருவரையொருவர் தாண்ட முடியாமல் நின்ற இடத்தில், வியன்னாவின் கர்தினால் பிரான்ஸ் கோனிக் போன்றவர்கள் போலந்தின் கரோல் வோய்த்தீலாவை முன்வைத்தார்கள். எட்டாவது சுற்றில் அவர் தேர்வாகி இரண்டாம் ஜான் பால் ஆனார். இத்தாலியர் அல்லாத ஒருவர் போப்பாக இருந்து 455 ஆண்டுகள் ஆகியிருந்தன. முட்டி நின்ற இரண்டு அணிகளுக்கும் ஏற்புடையவராக இருந்தார் என்பதுதான் அந்த நீண்ட வழக்கத்தையே உடைத்தது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. முன்னணியில் இருந்தவர்களே வென்ற தேர்தல்களும் இருக்கின்றனவே? உண்மைதான். 1939இல் வத்திக்கான் செயலர் யூஜெனியோ பச்செல்லி தன் 63ஆம் பிறந்தநாளில், ஒரே நாளில், மூன்றாவது சுற்றில் தேர்வானார். 1963இல் மிலான் பேராயர் மொந்தீனி எதிர்பார்த்தபடியே ஆறாம் பவுல் ஆனார். 2005இல் ஜோசப் ராட்சிங்கர் நான்கே சுற்றில் வென்று பதினாறாம் பெனடிக்ட் ஆனார். ஆனால் 2005ஆம் ஆண்டின் எண்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அன்று உள்ளே 115 பேர், தேவை 77. பின்னர் இத்தாலியப் பத்திரிகை ஒன்றில் வெளியான, பெயர் சொல்லாத கர்தினாலின் குறிப்பேட்டின்படி, மூன்றாவது சுற்றில் ராட்சிங்கருக்கு 72, பெர்கோலியோவுக்கு 40. பிரான்சிஸே 2024இல் வந்த நேர்காணல் நூல் ஒன்றில் அந்த 40 வாக்கை உறுதிப்படுத்தினார். ராட்சிங்கரைத் தடுத்துவிட்டு வேறொருவரைக் கொண்டுவரத் தன் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்றும், அதற்குத் தான் இசையவில்லை என்றும் சொன்னார். 39 பேர் இருந்தாலே தடுக்கலாம். 40 பேர் இருந்தார்கள். அவர்கள் பிடிவாதமாக நின்றிருந்தால் முன்னணியில் இருந்தவரும் நின்றுபோயிருப்பார். அவர்களில் ஒரு பகுதியினர் விட்டுக்கொடுத்தார்கள், நான்காவது சுற்றில் அவர் 84 வாக்கோடு வென்றார். ஆகவே முன்னணிப் பெயர் வெல்வதும் இதே விதியின்படிதான்: மறுக்கக்கூடியவர்கள் மறுக்காமல் விட வேண்டும். பேர் பெற்றவர் வெல்லவே மாட்டார் என்பது என் வாதம் அல்ல. பேர் மட்டும் அவருக்கு உதவாது என்பதுதான்.

இரண்டாவது மறுப்பு: வாக்களிக்கும் கர்தினால்களை நியமிப்பவர் போப்தானே, அப்படியென்றால் தன் வாரிசையும் அவரே முடிவு செய்துவிடுகிறார் அல்லவா? 2025இல் உள்ளே இருந்த 133 பேரில் 108 பேர் பிரான்சிஸ் நியமித்தவர்கள் என்பது இதற்குச் சான்றாகச் சொல்லப்பட்டது. ஆனால் 2013இல் வாக்களித்த 115 பேரில் ஒருவர் விடாமல் அனைவருமே இரண்டாம் ஜான் பாலும் பதினாறாம் பெனடிக்டும் நியமித்தவர்கள். அவர்கள்தான் முந்தைய இருவரிடமிருந்தும் பாணியிலும் அழுத்தத்திலும் வெகுவாக மாறுபட்ட பெர்கோலியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலும், பிரான்சிஸ் நியமித்தவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. மங்கோலியா, தோங்கா, பாப்புவா நியூ கினி, கிழக்குத் தீமோர் என்று கத்தோலிக்கர் சொற்பமாக வாழும், அல்லது உலகம் அதிகம் கவனிக்காத இடங்களிலிருந்து அவர் ஆட்களை எடுத்தார். பலருக்கு ஒருவரையொருவர் முகம்கூடத் தெரியாது. இத்தகைய சபையில் நியமித்தவருக்கு நன்றி என்ற ஒரு நூலில் எல்லோரையும் கட்ட முடியாது. கான்கிளேவுக்கு முந்தைய நாட்களில் நடக்கும் பொது அமர்வுகளில், ஒருவர் எழுந்து பேசுவதைக் கேட்டு மற்றவர்கள் அவரை எடைபோடுகிறார்கள். 2013இல் பெர்கோலியோ அங்கே பேசியது சில நிமிடங்கள்தான். திருச்சபை தனக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் விளிம்புகளுக்குப் போக வேண்டும் என்றார். ஹவானா நகரக் கர்தினால் அந்த உரையின் கையெழுத்துக் குறிப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது மறுப்பு நம் பக்கத்துக்கு நெருக்கமானது. இந்த முறை ஆசியாவின் முறை, ஆப்பிரிக்காவின் முறை என்று முறை வைத்துப் பேசுவது சரிதானே? கத்தோலிக்கர்களின் எண்ணிக்கை தெற்கே வளர்கிறது என்பதும், 2013இல் வாக்காளர்களில் பாதிக்குச் சற்று மேல் இருந்த ஐரோப்பியர்கள் 2025இல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை. இந்தியாவிலிருந்து நால்வர் அப்போது வாக்களித்தார்கள்: கோவாவின் ஃபிலிப் நேரி ஃபெராவ், ஹைதராபாத்தின் அந்தோணி பூலா, சீரோ-மலங்கரைத் திருச்சபையின் பசேலியோஸ் கிளீமிஸ், கூவக்காட். இலங்கையிலிருந்து கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித். இவர்கள் குரல் அந்த அறையில் ஒலித்தது பெரிய மாற்றம். 1903இல் அங்கே பெரும்பாலோர் இத்தாலியர். ஆனால் கண்டம் ஒன்றாக வாக்களிப்பதில்லை. ஆசியாவின் 23 பேரும், ஆப்பிரிக்காவின் 17 பேரும் சேர்ந்தாலும் தடுக்கும் எண்ணிக்கையான 45கூட வராது, 89 எங்கே? ஆசியர் ஒருவர் போப் ஆவார் என்றால், ஆசியர் என்பதற்காக மட்டும் ஆக மாட்டார். ஐரோப்பியருக்கும் லத்தீன் அமெரிக்கருக்கும் அவர் தங்களவராகத் தோன்றும் நாளில் ஆவார். அந்த நாள் வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நம் கர்தினால்கள் தங்கள் நாட்டுக்கு வெளியேயும் பணியாற்றுவதையும், பிற மொழிகளில் பேசுவதையும், பிறரின் கவலைகளைச் சுமப்பதையும் வரவேற்க வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஏற்பானவர் என்றால் யாருக்கும் வலிக்காத, உறுதியில்லாத ஒருவர்தானே கிடைப்பார் என்று கேட்கலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1958இல் 76 வயது ரொன்காலியை இடைக்கால ஏற்பாடாகத்தான் பலர் பார்த்தார்கள். இருபத்து மூன்றாம் ஜான் ஆன அவர் மூன்றே மாதத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அறிவித்துத் திருச்சபையின் முகத்தையே மாற்றினார். வோய்த்தீலாவை உறுதியில்லாதவர் என்று அவருடைய எதிரிகளும் சொன்னதில்லை. பெர்கோலியோவும் அப்படித்தான். எதிர்த்தரப்பு ஏற்கும் மனிதர் கொள்கையில்லாதவராக இருக்க வேண்டியதில்லை. தன் கொள்கையைப் பிறரை அவமதிக்காமல் பிடித்துக்கொண்டவராக இருந்தால் போதும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மூன்றில் இரண்டு பங்கு விதி சோதித்துப் பார்க்கிறது. பாதிக்கு ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் எல்லாம் தனக்கே என்று நினைக்கும் அரசியலைப் பார்த்துச் சலித்த நமக்கு, தோற்ற பக்கத்தின் மனத்தையும் வென்றாக வேண்டும் என்று எண்ணூறு ஆண்டுக்கு மேலாக வற்புறுத்தும் ஒரு விதி மதிக்கத்தக்கதாகவே தோன்ற வேண்டும்.

நம்பிக்கையாளர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்றும் இருக்கிறது. தேர்ந்தெடுப்பவர் தூய ஆவியார். இப்படி எண்களை வைத்துக் கணக்குப் போடுவது அவமரியாதை அல்லவா? இதற்குப் பதில் சொன்னவர் ராட்சிங்கரே. கர்தினாலாக இருந்த 1997இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் இந்தக் கேள்வி வந்தபோது, தூய ஆவியார் இன்னார் என்று கையில் பிடித்துக் காட்டுவதில்லை, நல்ல ஆசிரியரைப் போல இடம் விட்டு நிற்கிறார் என்ற கருத்தைச் சொன்னார். அவர் தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பில்லாத போப்புகளும் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. இறைவன் மனிதரின் தீர்ப்புக்கு இடம் விட்டிருக்கிறார் என்றால், அந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்று ஆராய்வது நம்பிக்கைக்கு எதிரானதல்ல. பீடத்தின் முன் ஆணையிடும் கர்தினாலின் மனச்சாட்சிக்குத் தரும் மரியாதைதான் அது.

இனி வரும் தேர்வை எப்படிப் பார்ப்பது? இன்றே பெயர்ப் பட்டியல் போடுவதில் பயனில்லை. லியோ 1955இல் பிறந்தவர். அடுத்த கான்கிளேவில் வாக்களிக்கப்போகிறவர்களில் கணிசமானவர்களை அவர்தான் இனிமேல் நியமிக்கப்போகிறார். 1970இல் ஆறாம் பவுல் கொண்டுவந்த விதிப்படி எண்பது வயது நிறைந்தவருக்கு வாக்கு இல்லை. ஆண்டுதோறும் சிலர் விலகுவார்கள். பிரான்சிஸின் பன்னிரண்டு ஆண்டுகளில் வாக்காளர் சபையில் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிட்டது. வாக்காளர்களே இன்னும் முடிவாகாத தேர்தலுக்கு வெற்றியாளரைச் சொல்வது பொருளற்றது. ஆனால் எத்தகைய மனிதர் என்பதை யோசிக்கலாம். 1939 முதல் தேர்வான எட்டுப் பேரின் சராசரி வயது 69க்குச் சற்றுக் கீழே. மிக இளையவர் 58, மிக மூத்தவர் 78. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை என்று வைத்துக்கொள்ளலாம். சட்டப்படி திருமுழுக்குப் பெற்ற எந்த ஆணையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கர்தினால் அல்லாத ஒருவர் கடைசியாகத் தேர்வானது 1378இல். அவர் ஒரு மறைமாவட்டத்தில் மக்களோடு இருந்திருக்கிறாரா, ரோமில் நிர்வாகத்தையும் அறிந்திருக்கிறாரா? தாய்மொழியைத் தாண்டி எத்தனை மொழியில் பேசி மற்றவர்களைப் புரிந்துகொள்கிறார்? பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வந்தபோது, பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாத எவரையும் இனிப் போப்பாக ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது.

இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்ட பிறகும் மிஞ்சுவது ஒன்றுதான். மிலானின் பெயரை எழுதி வாழ்த்தை முன்கூட்டியே அடித்து வைத்தவர்கள், ஸ்கோலாவை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று பார்த்தார்கள். சீட்டுகள் ஒவ்வொன்றாக நூலில் ஏறும் அந்த அறையிலோ, அவரை விரும்பாதவர்களின் சீட்டும் அதே நூலில்தான் ஏறுகிறது. அவர்களில் பலருடைய கைகளும் சேர்ந்து எழுதாமல் எந்தப் பெயரும் மூன்றில் இரண்டு பங்கைத் தொடுவதில்லை. அடுத்த முறை பத்துப் பன்னிரண்டு படங்கள் வரிசையாக அச்சாகி வரும்போது, ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று, இவரைத் தூக்கிப் பிடிப்பவர் யார் என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். இவரோடு மாறுபடுகிறவர்கள் இவரிடம் தங்கள் திருச்சபையை நம்பி ஒப்படைப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஆம் என்று பதில் வருகிறவர் அந்த வரிசையில் கடைசியில் இருக்கலாம், வரிசையிலேயே இல்லாமலும் இருக்கலாம்.